வாக்கியங்களுக்கு நடுவே

கணினிக் கண்காட்சியில் அவரை ‘ஓசி சார்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கழிப்பறைக்குப் பக்கத்து ஸ்டாலை வருடாவருடம் வாடகையில்லாமல் அவருக்கு விடுவார்கள். மேசை, பழைய மடிக்கணினி, இரண்டு ஹெட்போன். பார்வையற்றவர்களுக்குத் திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள். யாரும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். மாற்றியதைத் திருப்பித் தந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

“சும்மா குடுத்தா எவன் சார் மதிப்பான்? ஒரு விலையப் போட்டு தள்ளுபடின்னு எழுதுங்க,” என்பார் எதிர் ஸ்டால்காரர்.

படிக்கும் குரல் அவர் மனைவியுடையது. துணி அலமாரிக்குள் உட்காரவைத்து, போர்வையால் மூடிப் பதிவு செய்தார். அவளுக்கு ஆஸ்துமா. வாக்கியத்துக்கு வாக்கியம் மூச்சை இழுப்பது கேட்கும். எடுத்துவிடச் சொல்லிப் பலர் எழுதினார்கள். “அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்” என்றார். அவள் இறந்துபோன பிறகும் அதையே சொன்னார்.

இந்த வருடம் எதிர் ஸ்டாலில் டோக்கன் கொடுக்கும் இயந்திரம் ஒன்று பேசியது. “வணக்கம். உங்கள் முறை வரும்வரை காத்திருக்கவும்.”

பேனர் கட்டிக்கொண்டிருந்த மகளின் கை நின்றது.

“அம்மா குரல்ப்பா.”

“ம்.”

“நிறுத்தச் சொல்லுங்க.”

“எல்லாரும் எடுத்துக்கோங்கன்னு கூவினவன் நான். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கேக்குறது?”

இயந்திரம் மறுபடி பேசியது. அதில் மூச்சு இல்லை.

மதியம் எதிர் ஸ்டால்காரர் பென் டிரைவோடு வந்தார். அது யார் குரல் என்று அவருக்குத் தெரியாது. “உங்க விதிப்படி திருப்பித் தர்றேன். அந்த இரைச்சலையெல்லாம் எங்க ஆளுங்க சுத்தமா எடுத்துட்டாங்க.”

மகள் அதை வாங்கிக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

வருடம் தவறாமல் வரும் பார்வையற்ற டெலிபோன் ஆபரேட்டர் மேசையைத் தடவி உட்கார்ந்தார். “என்ன ஓசி சார், அந்தப் புஸ்புஸ் இன்னும் இருக்கா? நாள் பூரா கேட்டா எனக்கே மூச்சு வாங்குது.”

ஓசி சார் மகளிடம் கையை நீட்டினார்.

“வேண்டாம்ப்பா.”

“பழசு வீட்டுல இருக்கும்மா.”

“அங்க யாரு கேக்கப்போறா?”

“குடு. அவர் காத்துக்கிட்டிருக்கார்.”

பென் டிரைவில் இருந்ததை ஆபரேட்டர் ஹெட்போனில் வெகுநேரம் கேட்டார். தோள்கள் தளர்ந்தன. “அப்பாடா. இத எப்பவோ செஞ்சிருக்கலாமே சார்.”

“செஞ்சிருக்கலாம்.”

இரண்டாவது ஹெட்போன் மேசையில் கிடந்தது. அப்பாவும் மகளும் அதை எடுக்கவில்லை. எதிரே இயந்திரத்திலிருந்து அவள் யாரையோ காத்திருக்கச் சொன்னாள்.