ஹானாவின் இடது இமை

முதல் அறிகுறி குளியலறைக் கண்ணாடியின் முன்னால்தான் தெரிந்தது. என் மனைவி ஹானாவின் மேலிமைகள் இரண்டும் சிவந்து, தோல் உரிந்து கிடந்தன. ஒவ்வொரு காலையும் வேலைக்குப் போகுமுன் அவள் இமையில் மெல்லிய பிளாஸ்டர் துண்டொன்றை ஒட்டி, அங்கே இல்லாத மடிப்பொன்றை வரவழைப்பாள். பள்ளிக்கூட நாட்களிலிருந்து நடக்கும் வேலை. கடைசியில் அந்தப் பசை தோலையே அரித்துவிட்டது. டெர்மடைட்டிஸ் (தோல் அழற்சி), ஒட்டுவதை நிறுத்தினால் சுகமாகிவிடும் என்றார் எங்கள் குடும்ப டொக்டர்.

ஹானா நிறுத்தவில்லை. சத்திரசிகிச்சை செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள்.

அவள் கொரியப் பெற்றோருக்கு ரொறன்ரோவில் பிறந்தவள். நான் யாழ்ப்பாணத்திலிருந்து சிறுவனாக வந்து அதே நகரின் வெக்ஸ்போர்ட் பகுதியில் வளர்ந்தவன். கிழக்காசியர்கள் பலருக்கு மேலிமையில் மடிப்பு இருப்பதில்லை. தோலை மெல்லக் கீறி, உள்ளே தையல் போட்டு அதை உண்டாக்குவார்கள். இரட்டை இமைச் சத்திரசிகிச்சை என்று பெயர்.

இதை வாசிக்கும் உங்கள் வீட்டிலும் யாராவது இதற்குத் தயாராகிக்கொண்டிருந்தால், முதலில் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். ஆளாளுக்கு அபிப்பிராயம் சொல்வார்கள். “உந்தக் கண்ணுக்கு இப்ப என்ன குறை?” என்று என் அத்தை கேட்டார். வெள்ளைக்காரியாக மாறப்போகிறாயா என்று அவளுடைய அலுவலகத்தில் ஒருத்தி கேட்டாள். இதைப் பத்து வருடத்துக்கு முன்பே செய்திருக்கலாமே என்று அவளுடைய அம்மா அலுத்துக்கொண்டார். நானும் என் பங்குக்கு, உன் கண் அழகாகத்தானே இருக்கிறது என்று வாயைக் கொடுத்தேன்.

“என் கண்ணைப் பற்றி என்னைத் தவிர எல்லோரும் பேசி முடித்துவிட்டீர்கள்,” என்றாள் ஹானா. பள்ளியில் பிள்ளைகள் தங்கள் கண்ணோரங்களை விரலால் இழுத்துக்காட்டிச் சிரித்ததை அன்றுதான் எனக்குச் சொன்னாள்.

சத்திரசிகிச்சை சுலபமாக முடிந்தது. இமைகள் இரண்டும் பணியாரம்போல உப்பியிருந்தன. குளிர் ஒத்தடம் மட்டும், தலையணையை உயர்த்திப் படுக்கவேண்டும், சூடு கிட்டவே வரக்கூடாது என்றார் சத்திரசிகிச்சை செய்த டொக்டர். நான் அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன், வீக்கம் வற்றும்வரை யாரும் வரவேண்டாம் என்று.

ஒரு யாழ்ப்பாணத்துத் தாயிடம் இதைச் சொன்ன என் புத்தியை என்னவென்பது! எங்கள் சனத்தில் கலியாணத்துக்குப் போகாமல் விட்டாலும் மன்னிப்பு உண்டு. நோயாளியைப் பார்க்கப் போகாவிட்டால் தலைமுறைக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அடுத்த நாள் நான் பக்கத்து நகரமான பிறம்ரனில் வெயர்ஹவுஸ் வேலையில் நின்றபோது, அம்மா பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் சரக்குக் கறி. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற அதே கறி! போதாததற்கு, உப்பை வறுத்துத் துணியில் முடிந்து, வீக்கம் வற்றட்டும் என்று ஹானாவின் இடது கண்ணில் அழுத்தி ஒற்றியிருக்கிறார்.

சூடு கூடாது என்று ஹானாவுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் பெரியவர்கள் செய்வதை வேண்டாம் என்று சொல்ல அவளை வளர்த்தவர்கள் பழக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். கண்ணீர் வந்ததும், சூடு வேலை செய்கிறது என்று அம்மா இன்னொரு தடவை உப்பை வறுத்திருக்கிறார்.

நான் வந்து பார்த்தபோது இடது இமை நாவற்பழ நிறத்தில் இருந்தது. கிளினிக்குக்கு ஓடினோம். ஹிமாட்டோமா (தோலுக்கடியில் தேங்கும் இரத்தக்கட்டு) என்றார் டொக்டர். தையலைப் பிரித்து இரத்தத்தை வெளியேற்றினார்.

“ஏன் தடுக்கவில்லை?” என்று ஹானாவிடம் கேட்டார்.

“அவர் என் மாமியார்,” என்றாள்.

டொக்டரும் கொரியர். மேலே ஒன்றும் கேட்கவில்லை.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. “வரவேண்டாமெண்டு சொன்னனான் எல்லோ அம்மா?” என்று கத்தினேன்.

“சும்மா பாத்திட்டுப் போகத்தானே வந்தனான். பிள்ளை ஒண்டும் சொல்லேல்லையே.”

“அவள் சொல்லமாட்டாள்!”

பிறகு ஹானாவிடமும் கத்தினேன், நீயாவது வாயைத் திறந்திருக்கலாமே என்று. ஒருவர் சொன்னாலும் கேட்கமாட்டார், மற்றவர் கேட்டாலும் சொல்லமாட்டார். நடுவில் நின்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

வீக்கம் வற்றியதும் உண்மையான பிரச்சினை தெரிந்தது. லாகோஃப்தால்மோஸ் (இமை முழுதாக மூடாத நிலை). உள்ளே தழும்பு இறுகியதால், தூங்கும்போது இடது கண்ணில் வெள்ளை ஒரு கோடாகத் தெரிந்தது. அப்படியே விட்டால் கருவிழி காய்ந்து புண்ணாகிப் பார்வை கெடும். தழும்பு இளகச் சில மாதங்கள் எடுக்கும், இளகாவிட்டால் மறுபடியும் கத்திதான் என்றார் டொக்டர். அதுவரை படுக்கப்போகுமுன் களிம்பு பூசி, இமையை இழுத்து மூடிப் பிளாஸ்டர் ஒட்டவேண்டும். எந்தப் பிளாஸ்டரை ஒழிக்க இவ்வளவும் செய்தோமோ, அதுவே மறுபடியும் வந்தது. தோலுக்கு ஒத்த வேறு வகை என்பதுதான் வித்தியாசம். ஒட்டுவது என் வேலையானது.

இமையைப் பற்றி நான் முன்பு யோசித்ததே இல்லை. இப்போது பஸ்ஸில் எதிரே இருப்பவர் தூங்கி வழிந்தால்கூட, கண் முழுதாக மூடுகிறதா என்று பார்க்கிறேன். கோடை முடிந்ததும் பனி கொட்டியதும் எனக்கு நினைவில்லை. அந்த வெள்ளைக் கோடு சற்று மெலிந்த வாரம் எது, மெலியாத வாரம் எது என்று கேளுங்கள், சொல்கிறேன்.

அம்மா சனிக்கிழமைகளில் வந்தார். கறியும் இல்லை, உப்பும் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு ஒரு ஓரமாக உட்கார்ந்துவிட்டுப் போவார். அதைப் பார்க்க எனக்குக் கோபம் இன்னும் கூடியது, பாவமாகவும் இருந்தது.

அப்படியொரு சனிக்கிழமை மத்தியானம் ஹானா சோபாவில் சாய்ந்தபடி தூங்கிப்போனாள். பிளாஸ்டர் ஒட்டியிருக்கவில்லை. இடது மடிப்பு வலதைவிடச் சற்று உயரத்தில் இருக்கிறது. அது இனி அப்படித்தான் இருக்கும். அம்மா என் கையைச் சுரண்டிக் காட்டினார். வெள்ளைக் கோட்டைக் காணவில்லை. நான் குனிந்து பார்த்தேன். இமை இமையோடு சேர்ந்திருந்தது.

“மூடிட்டுது,” என்றார் அம்மா. சந்தோசத்தில் கை தானாகவே ஹானாவின் முகத்தை நோக்கிப் போனது.

“மாமி, தொடாதேங்கோ,” என்றாள் ஹானா, கண்ணைத் திறக்காமலே, தமிழில். “எனக்கு நித்திரை வருது.”

அம்மா கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

“ஓம் பிள்ளை,” என்றார். “நீ படு.”