நார்மனின் பழுப்பு ஃபோர்டுக்கு வந்த ஆபத்து

இங்கிலாந்தில் எங்கள் சின்ன ஊரான ஸ்லீஃபோர்டில் நார்மன் திசில்வுட்டைப் பிடிக்காதவர்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கியிருந்தால் ஊரில் பாதிப்பேர் சேர்ந்திருப்பார்கள். மீதிப் பாதிப்பேருக்கு இன்னும் கார் ஓட்டும் வயது வரவில்லை. நார்மன் ஓட்டுநர் தேர்வு நடத்தும் அதிகாரி. கல்யாணமான நாளிலிருந்து அதே வேலைதான். காலையில் தப்புகளைக் குறிக்கும் அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவான், முன்பின் தெரியாத பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்காருவான், கல்லறையிலிருந்து வருகிற மாதிரியான குரலில், "அடுத்த திருப்பத்துல இடது பக்கம்" என்பான். என்னை இரண்டு முறை ஃபெயிலாக்கினான். ஒரு முறை தயங்கியதற்கு, இன்னொரு முறை தயங்காததற்கு. பக்கத்து வீட்டுக்காரி என்கிற சலுகையெல்லாம் கிடையாது. இரண்டாம் முறை முடிவைச் சொல்லிவிட்டு அதே மூச்சில், "உங்க வேலி எங்க பக்கம் சாயுது, பாத்தீங்களா?" என்று வேறு கேட்டான்.

அவன் மனைவி க்ளெனிஸ் வேல்ஸ்காரி. ஐந்தடிக்கு ஒரு விரற்கடை குறைவு. சந்தைத் தெருவில் பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருந்தாள், பலகையில் அப்பா வீட்டுப் பெயர். நார்மனிடம் ஃபெயிலாகி வந்து, தலை முழுக்க நுரையோடு சாய்ந்திருக்கும் சின்னப் பெண்கள், "அந்த மூஞ்சியோட எவ குடும்பம் நடத்துறாளோ" என்று பொருமுவார்கள். க்ளெனிஸ், "கஷ்டந்தான் கண்ணு, கழுத்தை இன்னுங்கொஞ்சம் பின்னாடி சாய்" என்று சொல்லிக்கொண்டே தண்ணீரைத் திறந்துவிடுவாள். நானும் அவள் வாடிக்கையாளர்தான். நான் பார்க்காத இடத்தில் நடந்ததெல்லாம் அவள் கத்திரிக்கோலுக்குக் கீழே உட்கார்ந்து கேட்டது.

நார்மனிடம் ஒரு பழுப்பு ஃபோர்டு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் தேவாலயத்துக்குப் போகும் நேரத்தில் அவன் அதைக் குளிப்பாட்டுவான். எங்கள் தெருவில் யாரும் கராஜுக்குள் கார் வைப்பதில்லை. கார் மழையில் நிற்கும், கராஜுக்குள் குப்பை சுகமாக இருக்கும். நார்மன் வீட்டுக் கராஜில் க்ளெனிஸின் அம்மா விட்டுப்போன பூதாகரமான அலமாரி ஒன்று படுத்திருந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வசந்தகாலத்தில்தான் அவனுக்கு அந்தக் கிறுக்குப் பிடித்தது. அன்றைக்குத் தேர்வுக்கு வந்தவர் ஓர் இளம் பெண் பாதிரியார். பாஸ்டன் சாலையில் போய்க்கொண்டிருக்கும்போது பச்சை நிறத்தில், முழங்கால் உயரத்தில், கதவும் கூரையும் இல்லாத ஒரு கார் உறுமிக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போனது. உள்ளே ஒரு கிழவர், தனியாக, வாயைப் பிளந்து சிரித்துக்கொண்டிருந்தார். தேர்வின்போது வழி சொல்வதைத் தவிர ஒரு வார்த்தை பேசாத நார்மனின் வாயிலிருந்து, "அடடா, என்ன அழகு!" என்று வந்துவிட்டது.

பாதிரியார் பிரேக்கை ஒரே மிதியாக மிதித்தார். "எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிருக்கு, மிஸ்டர் திசில்வுட்" என்றார்.

காரைச் சொன்னேன், உங்களைச் சொல்லவில்லை என்று விளக்குவதற்குள் நார்மனுக்குக் காது வரை சிவந்துவிட்டது. மற்றபடி நன்றாக ஓட்டினார், அந்த அவசர நிறுத்தம் அப்பழுக்கில்லாதது என்பதால் பாஸ் போட்டான்.

அந்த மாதிரிக் கார்களைக் கடையில் முழுசாக விற்பதில்லை. பாகங்கள் பெட்டி பெட்டியாக வரும், வீட்டிலேயே நாமே பொருத்திக்கொள்ள வேண்டும். அதற்கென்றே பத்திரிகைகள் உண்டு. நார்மன் ஒன்றை வாங்கித் தோட்டக்கலை இதழுக்குள் ஒளித்துவைத்துப் படித்தான். பாத்ரூமில் ரொம்ப நேரம் இருந்தான். ஒரு நாள் க்ளெனிஸ் இதழை உதறினாள். ரோஜாச் செடிகளுக்கு நடுவிலிருந்து ஒரு காரின் அடிச்சட்டப் படம் வந்து விழுந்தது.

"பொம்பளை படம் போட்ட புத்தகமா இருந்தாக்கூடப் புரிஞ்சுக்குவேன்" என்றாள். "இது என்ன, இரும்புக் கட்டில் மாதிரி?"

"சும்மா பாக்கறேன்."

"இவ்வளவு நேரம் உள்ள உக்காந்து என்னை ஒருநாளும் நீ பாத்ததில்லையே நார்மன்!"

நான் வேலிக் கத்திரியைத் திருப்பிக் கொடுக்கப் போன நாளில் கராஜ் கதவு பாதி திறந்திருந்தது. அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே தரையில் சுண்ணக்கட்டியால் காரின் வரைபடம். அதற்குள் மெத்தையைப் போட்டு நார்மன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். கையில் ஸ்டியரிங்குக்குப் பதிலாகக் கேக் வேகவைக்கும் வட்டத் தகரம். வாயால் உறுமிக்கொண்டே காற்றில் கியர் மாற்றினான்.

"என்ன நார்மன் இது?"

"இடம் போதுமான்னு பாத்தேன்." தகரத்தைக் கீழே வைத்தான். "க்ளெனிஸ்கிட்ட சொல்லிடாதீங்க."

"நான் எதுக்குச் சொல்லணும்? நீங்க மூணாவது கியர் போட்டது எங்க வீட்டு அடுப்படி வரைக்கும் கேட்டுது."

அவனுடைய தொல்லை இதுதான்: வேண்டும் என்று சொல்லவும் பயம், வேண்டாம் என்று சொல்லவும் மனமில்லை. கட்டினால் பாதியில் நிற்குமோ, முடித்தால் ஓடுமோ, ஓடினால் ஊர் சிரிக்குமோ என்று மென்றுகொண்டே இருந்தான். கடைசியில் க்ளெனிஸ்தான் பொறுக்கமாட்டாமல், நியூவார்க் பக்கத்தில் ஒரு மைதானத்தில் நடந்த கார்க் கண்காட்சிக்கு அவனை இழுத்துப் போனாள். வேடிக்கை பார்க்க நானும் தொற்றிக்கொண்டேன்.

அங்கே ஒரு விற்பனையாளன், வாய் நிறையப் பல், ஒரு சிவப்புக் காரைக் காட்டி, "உக்காந்து பாருங்க சார், கையுறை மாதிரிப் பொருந்தும்" என்றான். நார்மன் ஆறடிக்கு மேல், அதிலும் இடுப்புக்குக் கீழே கடவுள் தாராளமாகக் கொடுத்திருந்தார். காலை விட்டான், இடுப்பை இறக்கினான், எங்கேயோ ஏதோ முனகியது, அவ்வளவுதான். முழங்கால்கள் ஸ்டியரிங்கின் இரண்டு பக்கமும் செருகிக்கொண்டன. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

"ஷூவைக் கழட்டிப் பாருங்க சார்."

கழட்டினான். ஷூதான் வந்தது.

கூட்டம் சேர்ந்துவிட்டது. யாரோ ஒருவன் பின்னாலிருந்து, "டேய், இந்தாளு என்னை ரவுண்டானாவுல ஃபெயில் பண்ணவன்டா!" என்று கத்தினான். கைதட்டல் கிளம்பியது. சாசேஜ் கடையிலிருந்து இரண்டு தடியர்கள் வந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள். கால்சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்து எங்கேயோ போனது. நார்மன் புல்லில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது க்ளெனிஸ், "தள்ளு, நான் பாக்கறேன்" என்று காருக்குள் இறங்கினாள்.

அவளுக்கு அந்தக் கார் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. பல்காரன் விடுவானா? பக்கத்து இருக்கையில் தான் ஏறிக்கொண்டு, வெளிச்சாலை வரை அவளை ஓட்டவிட்டான். அவள் ஓட்டி நான் பார்த்ததே இல்லை. அவர்கள் போன திசையிலிருந்து உறுமல் வந்தது, பிறகு ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. திரும்பி வந்தபோது, எந்தக் காற்றுக்கும் அசையாத அவள் தலைமுடி கிழிந்த தலையணையைப் போல இருந்தது. கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டாள். சரிசெய்யவில்லை. டீ வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு ஆறவிட்டாள். பல்காரன் மட்டும் கொஞ்சம் வெளிறியிருந்தான்.

மறுவாரமே அம்மாவின் அலமாரி நடைபாதையில் நின்றது. 'யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம்' என்று அதன்மேல் ஓர் அட்டை. நார்மன் அதைப் பார்த்துத் திகைத்துப்போனான். இதுவரை வேண்டும் என்பதற்குக் காரணம் தேடியவன் இப்போது வேண்டாம் என்பதற்குத் தேட ஆரம்பித்தான். கராஜில் ஈரம். முதுகில் வலி. அப்புறம் எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம்: இன்ஜின், கியர்பாக்ஸ், பின்சக்கர அச்சு இதெல்லாம் பெட்டியில் வராது. ஒரு பழைய காரை அறுத்து எடுக்க வேண்டும். பத்திரிகை சிபாரிசு செய்த பழைய கார், அச்சு அசலாக அவனுடைய பழுப்பு ஃபோர்டு.

"நல்லா ஓடற வண்டியைக் கொல்லச் சொல்றியா?"

"அது எங்க ஓடுது? நடக்குது."

கட்டிப் பார்த்த ஒருவரிடம் கேட்கலாம் என்றான் நார்மன். அவர் பயமுறுத்துவார் என்கிற நம்பிக்கை. பத்திரிகை மூலமாக ஸ்டாம்ஃபோர்டில் ஒருவர் கிடைத்தார். லயனல் ஆப்பிள்கார்த், ஓய்வுபெற்ற பல் மருத்துவர். மூவரும் போனோம். கதவைத் திறந்த அவர் மனைவி ப்ரூ, "காரைப் பாக்கவா? சாப்பாட்டு அறைக்கு வாங்க" என்றாள்.

விளையாட்டில்லை. சரவிளக்குக்குக் கீழே, கம்பளத்தின் மேல், சக்கரமில்லாத கார் செங்கல்களில் நின்றது. கராஜ் குளிராக இருந்ததால் லயனல் உள்ளேயே ஆரம்பித்துவிட்டாராம். அப்புறம்தான் அளந்து பார்த்தாராம். எந்தக் கதவு வழியாகவும் அது போகாது.

"ஜன்னலை எடுத்துட்டா போயிடும்" என்றார் லயனல்.

"ஜன்னலுக்கு மேலதான் நாம தூங்கற ரூம் நிக்குது" என்றாள் ப்ரூ. பிறகு எங்களைப் பார்த்து, "கிறிஸ்துமஸுக்கு வான்கோழியை பானெட் மேல வச்சுத்தான் வெட்டறோம். எங்க மாமியார் புகை போற குழாய்ப் பக்கம் உக்காருவாங்க. அவங்களுக்கு அது பொருத்தமான இடம்."

"விக்கிறீங்களா?" என்று க்ளெனிஸ் கேட்டாள்.

"ஆமா" என்றாள் ப்ரூ. "இல்ல" என்றார் லயனல். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. அதற்கப்புறம் அவர்கள் பேசிக்கொண்டது எங்களுக்கானது இல்லை. கோட்டுகளை எடுத்துக்கொண்டு நழுவினோம்.

திரும்பும் வழியில் மழை. நார்மனின் முகத்தில் ஒரு வெற்றிக்களை. சாலையோரம் ஒதுக்கி நிறுத்தி, ஃபிளாஸ்கைத் திறந்து, "பாத்தியா, அந்தக் கதிதான் நமக்கும்" என்றான்.

க்ளெனிஸ் மூடியில் டீயை வாங்கிக்கொண்டாள். "நார்மன், நான் ஏன் கார் ஓட்டறதில்ல?"

"உனக்குப் பிடிக்காது."

"எனக்கா? கல்யாணமான புதுசுல உன்னை உக்காரவச்சு கார்டிஃப் வரைக்கும் ஓட்டினேன். ஒவ்வொரு திருப்பத்துக்கும் நீ ஒரு பெருமூச்சு விட்ட. வாயைத் திறந்து ஒண்ணும் சொல்லல, மூச்சுதான். கார்டிஃப் போறதுக்குள்ள எனக்கு எந்தப் பக்கம் திருப்பறதுன்னே தெரியாமப் போச்சு. அன்னிக்கு விட்டவதான்."

பின்சீட்டில் நான் என் டீயை ரொம்ப அக்கறையாக ஊதினேன்.

"எனக்கு ஞாபகமே இல்லையே" என்றான் நார்மன்.

"உனக்கு எப்படி இருக்கும்? கண்காட்சியில நான் ஓட்டின அந்தச் சிவப்பு வண்டியில இன்ஜின் சத்தம், காத்துச் சத்தம். பக்கத்துல எவன் மூச்சு விட்டாலும் காதுல விழாது. எனக்கு அந்தக் கார் வேணும்."

நார்மன் ஃபிளாஸ்கை அடைத்துக் கீழே வைத்தான். பிறகு முன்கண்ணாடியைப் பார்த்தபடியே, "எனக்குப் பயம், க்ளெனிஸ்" என்றான். "ஒரு மனுஷன் வண்டியில என்னென்ன தப்பெல்லாம் பண்ணுவான்னு தினம் பக்கத்துல உக்காந்து பாக்கறேன். மூச்சு விடறது உன்மேல குத்தம் சொல்லி இல்ல. பயத்துல."

"அப்ப அன்னிக்கே அதைச் சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல, தடியா!" என்றாள் அவள். ஆனால் குரலில் சூடு இல்லை. டாஷ்போர்டைத் தட்டினாள். "இதோட இன்ஜினைத்தான் எடுக்கணும்."

"மெதுவாப் பேசு. அதுக்குக் கேக்கும்" என்றான் நார்மன். முடிவானது அப்படித்தான்.

லாரியில் பெட்டிகள் வந்தன. ஃபோர்டை அறுத்த அன்று நார்மன் வீட்டுக்குள் போய் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டான். நுணுக்கமான வேலையெல்லாம் க்ளெனிஸ்தான். முடி வெட்டுகிற விரல்களுக்கு ஒயர் பிரிப்பது பெரிய விஷயமில்லை. நார்மன் டார்ச் பிடித்தான், கனமானதைத் தூக்கினான், செய்முறைப் புத்தகத்தைக் கல்லறைக் குரலில் உரக்க வாசித்தான். ஒரு பக்கத்தைத் தாண்டிவிட்டதால் பிரேக் மிதி ஒரு வாரம் வலமிடமாக இருந்தது. அதைக் கண்டுபிடித்த அன்று அவர்கள் போட்ட சண்டையில் என் வேலி நிமிர்ந்துவிட்டது. பக்கத்து இருக்கையில் மெத்தையை எடுத்துவிட்டுத் தகரத்தின் மேல் ஒரு கம்பளத் துண்டைப் போட்டார்கள். அப்போதுதான் அவன் உடம்பு அதில் அடங்கியது.

சாலைக்கு வருமுன் அரசாங்க ஆய்வாளர் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். வந்தவர் இளைஞர், கையில் அட்டை. காரை இரண்டு சுற்றுச் சுற்றினார், ஒரு திருகாணியைத் தடவினார், விரலைப் பார்த்தார்.

"முனை கூரா இருக்கு சார். ஃபெயில்."

"ஒரு திருகாணிக்கா?" என்றான் நார்மன்.

"விதி சார்."

நார்மன் வாதாடினான். காலையில் வெயில் கண்ணில் அடித்தது என்றான், புத்தகத்தில் தெளிவாக இல்லை என்றான், சும்மா ஒரு தடவை விட்டுவிடலாமே என்றுகூடச் சொல்லிப் பார்த்தான். க்ளெனிஸ் சிரிப்பை அடக்கமுடியாமல் சுவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அடுத்த தடவை பாஸாகிவிட்டது.

முதல் ஞாயிறு ஸ்கெக்னஸ் கடற்கரைக்குப் போனார்கள். கூரை தேவையில்லை என்று பெட்டி வாங்கும்போதே தீர்மானித்துவிட்டாள் க்ளெனிஸ். இங்கிலாந்தில் இருந்துகொண்டு எடுக்கிற தீர்மானமா அது? சிப்ஸ் சாப்பிட்டு முடிப்பதற்குள் வானம் ஊற்றிவிட்டது. மாலையில் நான் ஜன்னலில் நின்று பார்த்தபோது கார் தெருவுக்குள் உறுமிக்கொண்டு வந்தது. கடற்கரைக் கடையில் வாங்கிய, குழந்தைகள் மாட்டுகிற நீச்சல் கண்ணாடிகள் இருவர் கண்ணிலும், அவளுக்குப் பச்சை, அவனுக்கு ரோஜா. காருக்குள் கணுக்கால் வரை தண்ணீர். நார்மன் கதவில்லாத காரின் பக்கவாட்டில் உருண்டு இறங்கி, ஷூவைக் கவிழ்த்து நீரைக் கொட்டினான்.

"இறங்கிட்டியா?" என்று க்ளெனிஸ் கேட்டாள். இன்ஜினை அணைக்கவில்லை.

"ஏன், நீ எங்க போற?"

"பெட்ரோல் இன்னும் இருக்கு."

நார்மன் தெருவை மேலும் கீழும் பார்த்தான். ஈரக் கால்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மறுபடி உள்ளே ஏறினான்.