ஒட்டும் முன் படித்துக் காட்டிய ஸ்டெல்லா அக்கா

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி இருக்கும். டெல்லி ஓக்லாவில் பஸ்ஸை விட்டு இறங்கினேன், ஸ்டெல்லா அக்காவின் நம்பரிலிருந்து போன் வந்தது. எடுத்ததும் வழக்கம்போல, "என்னா மகாராணி, இன்னிக்கும் லீவா?" என்று ஆரம்பித்துவிட்டேன். அந்தப் பக்கம் அவருடைய கணவர். "பார்வதிம்மா, ஸ்டெல்லா போயிட்டாம்மா" என்றார். சிரிப்பதற்குத் திறந்த வாயை எப்படி மூடுவதென்று தெரியவில்லை. அழுகைக்கு முன்னால் பயம்தான் வந்தது. கோடவுனில் புது கன்டெய்னர் வந்து நிற்கிறதே, இனி யார் படித்துச் சொல்வார்கள் என்ற பயம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் முப்பதாம் நாள் பூசைக்கு வந்திருக்கும் உங்களிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

எங்கள் வேலை தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் ஜாம், ஜூஸ், மிட்டாய் செய்கிறவர்கள் இந்தியாவில் விற்கலாம் என்று ஆசையோடு அனுப்புகிறார்கள். சரக்கு சுங்கத்தைத் தாண்டும் முன் எங்கள் கோடவுனில் இந்திய ஸ்டிக்கர் ஒட்டவேண்டும். சைவம் என்றால் பச்சைப் புள்ளி, அசைவம் என்றால் பழுப்பு முக்கோணம். ஸ்டெல்லா அக்கா தூத்துக்குடிக்காரர், பி.காம். படித்தவர். சரக்கு வந்ததும் ஒரு பெட்டியைக் கையில் எடுத்து, அதில் என்னென்ன சேர்த்திருக்கிறது என்று விரல் வைத்து உரக்கப் படிப்பார். அதன் பிறகுதான் நாங்கள் ஆறு பெண்களும் ஒட்டத் தொடங்குவோம்.

"சாமியார் வாசிக்கிறத விட நீங்க நல்லா வாசிக்கிறீங்கக்கா" என்று கிண்டல் செய்வேன். "ஏட்டி, பூசையில தூங்கினா மன்னிப்பு உண்டு. இங்க தூங்கினா கிடையாது" என்பார்.

போன வருடம் ஒரு வயதான வெளிநாட்டுத் தம்பதி கோடவுனுக்கு வந்தார்கள். ஏதோ மலைநாட்டில் ஜெல்லி மிட்டாய் செய்கிற சின்னப் பட்டறை அவர்களுடையது. இந்தியாவுக்கு முதல் கன்டெய்னர். அந்த அம்மா எங்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு மிட்டாயை வைத்துவிட்டு, ஸ்டெல்லா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பேசினார். "என்னாக்கா, சொத்த எழுதி வெக்கிறாங்களா?" என்று கேட்டேன். "நம்ம ஊருல வித்தாத்தான் பட்டறைய மூடாம இருக்க முடியுமாம். பாவம், பயந்து கெடக்காவ" என்றார்.

அந்தச் சரக்குக்கு ஸ்டிக்கர் ஒட்டவேண்டிய நாளில் அக்கா, பல்வலி, ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லியிருந்தார். மூன்று மணிக்கு அதிகாரி வந்து பார்ப்பார். சூப்பர்வைசர் "ஜல்தி, ஜல்தி" என்று தலையில் ஏறி நின்றான். நான் ஐந்தாம் வகுப்பு. தமிழ் வாசிப்பேன், ஆங்கிலம் வராது. இருபது வருடமாக ஜோக்கடித்தே அதை மறைத்துவந்தவள். பெட்டியைப் பார்த்தேன். மேலே எலுமிச்சம்பழம் படம். எலுமிச்சை எங்கேயாவது அசைவமாகுமா? "பச்சைய ஒட்டுங்கடி" என்று நானே உத்தரவு போட்டேன்.

மதியம் அக்கா வந்தார். பெட்டியை எடுத்தார். விரல் ஓரிடத்தில் நின்றுவிட்டது.

"இதுல ஜெலட்டின் கெடக்குட்டி. மிருகத்தோட தோலு, எலும்பு காய்ச்சி எடுக்கது. யாரு ஒட்டச் சொன்னா?"

"நான்தாங்க்கா" என்றேன். நவராத்திரி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. விரதக்காரர் ஒருவர் அந்தப் புள்ளியை நம்பி வாயில் போட்டால்? அதிகாரி கண்டுபிடித்தால் கன்டெய்னர் மொத்தமும் திரும்பிப் போகும். அந்தத் தம்பதியின் பட்டறை? எங்கள் ஆறு பேர் வேலை?

"அக்கா, மேலயே பழுப்ப ஒட்டிடலாம். யாருக்குத் தெரியும்?"

"ஒண்ணுமேல ஒண்ணு ஒட்டுனாத்தான் மொதல்ல கண்ணுல படும்."

"அப்ப நீங்க சொல்லுங்கக்கா. உங்க பேச்சுக்கு மரியாத உண்டு."

"ஒட்டச் சொன்னது நீ. நீதான் சொல்லணும். நான் பக்கத்துல நிக்கேன்."

மூன்று மணிக்கு அதிகாரி வந்தார். "சாப், கல்த்தி ஹோ கயி. முஜே அங்ரேஸி பட்னா நஹீ ஆத்தா" என்றேன். தப்பு நடந்துவிட்டது, எனக்கு ஆங்கிலம் படிக்க வராது. பின்னால் ஐந்து பெண்களும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அதிகாரி பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நாளை பன்னிரண்டு மணி வரை நேரம் என்று சொல்லி ஃபைலை மூடினார்.

மறுநாள் காலையில் அக்கா முடி உலர்த்தும் டிரையரோடு வந்தார். சூடு காட்டினால் ஸ்டிக்கரின் ஓரம் தானே எழும்பும், பெட்டி கிழியாது. எனக்கு உயிர் திரும்பியிருந்தது, வாயும் திரும்பிவிட்டது. "தலையில நாலு முடிதான் இருக்கு, இது எதுக்குக்கா உங்களுக்கு?" என்றேன். "மிட்டாய்க்குத்தாம்ட்டி வாங்கினேன்" என்று எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். முடி கொட்டியது புற்றுநோய் மருந்தால் என்றும், பல்வலி என்று போனதும் அதற்குத்தான் என்றும் அடக்கத்தன்றுதான் எனக்குத் தெரிந்தது. பன்னிரண்டு மணிக்குள் எல்லாப் பெட்டியிலும் பழுப்பு முக்கோணம் ஏறியது. சரக்கு வெளியே போனது.

அக்கா போன அன்று வந்து நின்றது அதே தம்பதியின் இரண்டாவது கன்டெய்னர். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் திறந்தார்கள். "பார்வதி, இனிமே நீயே பாத்துச் சொல்லு, ஜல்தி" என்றான் சூப்பர்வைசர். பெட்டியில் இந்த முறை மாம்பழம். ஏதாவது ஜோக் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை. "எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. யாராவது படிச்சுச் சொல்ற வரைக்கும் ஒரு ஸ்டிக்கரும் ஒட்ட மாட்டோம்" என்று இந்தியில் சொன்னேன். இந்த முறை பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. அவன் திட்டிக்கொண்டே மாடிக்குப் போய் ஆபீஸ் பெண்ணைக் கூட்டி வந்தான். அவள் விரல் வைத்து உரக்கப் படித்தாள். மூன்றாவது வரியில் ஜெலட்டின் இருந்தது.

இந்தப் பூசையில் வாசிக்க, அக்கா எனக்குத் தைரியம் கொடுத்துவிட்டுப் போனதாக எழுதச் சொன்னார்கள். அக்காவுக்கே சிரிப்பு வரும். அவரிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது பயம். பெட்டியைத் தொட்டால் விரல் நடுங்குகிறது. நடுங்கட்டும். நடுங்காத நாளில் நான் ஸ்டிக்கரை எடுக்க மாட்டேன்.