பார்லிச் சக்கை தின்ற மாட்டின் பால்

எங்கள் ஊர்ப் பால் சங்கத்தின் செயலாளர் பொய் சொன்னார். முதலில் தெரியாமல் சொல்லிவிட்டார் என்றுதான் நினைத்தேன். உண்மை தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருக்கிறார். அதனால் பொய் என்றே எழுதுகிறேன்.

போன சீசனில் நடந்தது. குற்றாலத்தில் தண்ணீர் விழத் தொடங்கிப் பத்து நாள் இருக்கும். தென்காசிப் பக்கம் சாரல் விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. என் மனைவி வழக்கம்போலக் காலையில் பால் கேனைத் தூக்கிக்கொண்டு சங்கத்துக்குப் போய் வரிசையில் நின்றிருக்கிறாள். அவள் முறை வந்ததும் கொழுப்புப் பார்க்கிற பெண் கரண்டியைக் கேனுக்குள் விட்டிருக்கிறது. உள்ளே நாற்காலியில் இருந்த செயலாளர் எழுந்து வந்து கையைக் காட்டித் தடுத்தார்.

“இந்தப் பாலை எடுக்காத தாயி.”

“ஏன் அண்ணாச்சி, பால் திரிஞ்சா போச்சு?” என்று என் மனைவி கேட்டிருக்கிறாள்.

“திரியல மதினி. பீர் குடிச்ச மாட்டுப் பாலை மத்த பாலோட சேக்க முடியாது. பச்சப்புள்ள குடிக்குத பாலு இது. சாராயப் பாலை ஊத்திட்டு நாளைக்கு யாரு போலீஸ் ஸ்டேஷன்ல போய் நிக்கது?”

வரிசையில் நாற்பது பேராவது இருந்திருப்பார்கள். எல்லாரும் சிரித்தார்கள். ஒருத்தன், “மதினி, எனக்கு ஒரு சொம்பு தாங்க, சைடு டிஷ் நான் கொண்டாரேன்” என்றானாம். இன்னொருத்தன், “ஏலே, மாட்டைப் பாத்தியா, நேரா நடக்குதா, ஆடிக்கிட்டு நடக்குதா?” என்றானாம்.

அவள் நிறைந்த கேனோடு வீட்டுக்கு வந்தாள். அடுப்படியில் இறக்கி வைத்துவிட்டுக் கொட்டிலுக்குப் போய்விட்டாள். நான்தான் துருவித் துருவிக் கேட்டு வாங்கினேன். பதினோரு வருஷமாக அந்த வரிசையில் நிற்கிறவள். ஒரு நாள் ஒரு சொட்டுத் தண்ணீர் கலந்ததாக யாரும் சொன்னதில்லை.

என் மாடு பீர் குடிக்கவில்லை. பார்லிச் சக்கை தின்றது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் சொல்கிறேன். சொல்ல எனக்குத் தகுதி உண்டு. கணவாய்க்கு அந்தப் பக்கம், கேரளத்தில் ஒரு பீர் ஆலையில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவன் நான். செங்கோட்டையில் பஸ் ஏறிப் போய், மாதத்துக்கு ஒரு முறை வீட்டுக்கு வருவேன். நான் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. பீர் குடித்திருக்கிறேன். ஆனால் பீர் எப்படி உண்டாகிறது என்பது இந்த ஊரில் என்னைவிட யாருக்கும் தெரியாது.

பார்லியை ஊற வைத்து முளை கட்டுவான். முளை தலை காட்டியதும் சூடு காட்டி உலர்த்தி நிறுத்திவிடுவான். அதுதான் மால்ட். முளை விடும்போது தானியத்துக்குள் ஒரு சத்து ஊறும். மாவைச் சர்க்கரையாக மாற்றுகிற சத்து அது. அந்த மால்ட்டை உடைத்து வெந்நீரில் கலக்கிப் பெரிய தொட்டியில் வைப்போம். அதுதான் என் இடம். கிட்டத்தட்ட அறுபத்தைந்து டிகிரிச் சூடு இருக்க வேண்டும். கூடினால் அந்தச் சத்து செத்துப்போகும், குறைந்தால் தூங்கும். ஒரு மணி நேரம் கழித்து ஒரு சொட்டு எடுத்து வெள்ளை ஓட்டில் விட்டு, அதில் அயோடின் ஒரு சொட்டு விடுவேன். நீலமாகத் திரும்பினால் மாவு இன்னும் பாக்கி இருக்கிறது. நிறம் மாறாவிட்டால் எல்லாம் சர்க்கரையாகிவிட்டது. பிறகு இனிப்புத் தண்ணீரை வடித்து அடுத்த அண்டாவுக்கு அனுப்புவோம். தொட்டியில் உமியும் சக்கையும் தங்கும். கஞ்சி வடித்த வீடு மாதிரி மணக்கும். அந்தச் சக்கையைத்தான் மாட்டுக்காரர்கள் வாங்கிப் போவார்கள்.

இதுவரை சாராயம் எங்கே வந்தது? வரவே இல்லை. வடித்த தண்ணீரைத் தனியாகக் கொதிக்க வைத்து, கசப்புக்கு ஹாப்ஸ் பூப் போட்டு, ஆற வைத்து, வேறு கட்டடத்தில் வேறு தொட்டியில் விட்டு, அங்கேதான் ஈஸ்ட் சேர்ப்பார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்ற பிறகுதான் போதை உண்டாகும். அதற்கு ஒரு நாள் முன்னாலேயே என் சக்கை வாசலில் லாரி ஏறிப் போயிருக்கும். கடையில் வாங்கிப் பிள்ளைகளுக்குப் பாலில் கலக்கிக் கொடுக்கிறோமே மால்ட் பவுடர், அதற்கும் இதே பார்லி, இதே முளை, இதே வெந்நீர். அந்த இனிப்புத் தண்ணீரைப் புளிக்க விடாமல் வற்ற வைத்துப் பொடியாக்குகிறார்கள். செயலாளர் வீட்டு அலமாரியில் அந்த டப்பாவை நானே பார்த்திருக்கிறேன். பேரனுக்கு வாங்கியது. சாறு உங்கள் பேரனுக்கு ஆகும், சக்கை என் மாட்டுக்கு ஆகாதா?

ஆலையில் ஒரு பழைய மேஸ்திரி இருந்தார், மலையாளி. வெள்ளைக்காரன் முதலில் பீரைக் கப்பலில் கொண்டுவந்தான், பிறகு இங்கேயே காய்ச்சப் பார்த்தான், ஐஸ் மெஷின் இல்லாத காலம், அதனால் குளிருக்காக மலை மேல் போய் ஆலை வைத்தான் என்பார். ஹாப்ஸ் பூவைச் சேர்த்ததே ருசிக்காக மட்டும் இல்லை, கெடாமல் இருக்கத்தான் என்பார். எங்களுக்குச் சுத்தம்தான் சாமி. ஒரு குழாயைச் சரியாகக் கழுவாவிட்டால் ஒரு தொட்டியே புளித்துப் போகும். சூரிய வெளிச்சம் பட்டால் நாறும் என்று பழுப்புப் பாட்டிலில் அடைத்து அனுப்புவோம். இங்கே வந்து பார்த்தால் பெட்டி பெட்டியாக வெயிலில் கிடக்கும். அதை வாங்கிச் சுடச்சுடக் குடித்துவிட்டுப் பாட்டிலை அருவிக்குப் போகிற வழியில் உடைத்துப் போடுகிறவர்கள் என் மாட்டைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

சரி, என் பக்கத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்த்த ஆலையில் இருந்துதான் சக்கை வாங்குகிறேன், ஈரமாக வரும். இரண்டு மூன்று நாள் திறந்து கிடந்தால் புளிக்கும். அதனால் நீல டிரம்மில் ஒரு அடுக்குப் போட்டு, உப்புத் தூவி, காலால் மிதித்து, அடுத்த அடுக்குப் போட்டுக் காற்றுப் புகாமல் மூடி வைப்பேன். அந்தச் சீசனில் ஒரு டிரம்மின் மூடி சரியாக உட்காரவில்லை. சாரல் தண்ணீர் இறங்கிவிட்டது. நான் கவனிக்கவில்லை. திறந்தால் கள்ளுக்கடை வாடை. அதைத் தென்னை மரத்துத் தூரில் உரமாகக் கொட்டுவதற்காகக் கொட்டிலுக்கு வெளியே உருட்டி வைத்திருந்தேன். அன்றைக்கு மாட்டு இன்ஷூரன்ஸ் விஷயமாகச் செயலாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு, “என்னவே இது, கொட்டில்ல கடை போட்டிருக்கீரா?” என்றார்.

“இது கெட்டுப் போச்சு அண்ணாச்சி. கொட்டப் போறேன். நல்லது உள்ள இருக்கு, வந்து மோந்து பாரும்.”

“எனக்கு எதுக்குவே?” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் காலையில்தான் வரிசையில் அப்படிப் பேசினார். நல்ல டிரம்மை அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மெஷினில் பாலைச் சோதிக்கவும் விடவில்லை. மூக்கை வைத்தே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு ஆறவில்லை. எங்கள் வீட்டில் நேரில் வந்து பால் வாங்கிக்கொண்டிருந்த நாலு வீடும் நின்றுவிட்டது. அடுத்த தெருவில் கைக்குழந்தை வைத்திருக்கிற பிள்ளை, அன்றைக்கு வாங்கிய பாலைச் செம்போடு திருப்பிக் கொண்டுவந்து வாசலில் வைத்தது. “தப்பா நெனச்சுக்கிடாதீங்க சித்தி, எங்க மாமியார் ஏசுதாவ” என்றது. என் மனைவி செம்பைக் கழுவிக் கொடுத்து அனுப்பினாள். கடைத்தெருவில் என்னைப் பார்த்தால், “அண்ணாச்சி, உங்க பால் லைட்டா, ஸ்ட்ராங்கா?” என்று கேட்கிறான்கள். என்னைக் கேட்கட்டும், நான் நாலு வார்த்தை திருப்பிக் கொடுப்பேன். அவளைக் கோயிலில் வைத்துக் கேட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து அவள் தெருவில் இறங்குவதில்லை. விசேஷ வீட்டுக்குக் கூப்பிட்டாலும் தலைவலி என்கிறாள்.

மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மாவைக் கூட்டிவந்தேன். நல்ல டிரம்மில் கையை விட்டு எடுத்து மோந்து பார்த்தார். மாடுகளைப் பார்த்தார்.

“எவ்வளவு வைக்கிறீங்க?”

அளவைச் சொன்னேன்.

“அளவு சரிதான். வைக்கோலைக் குறைக்காதீங்க, புளிச்சதை மட்டும் வைக்காதீங்க. சாராயம்னு எவன் சொன்னான்? மாட்டு வயிறே ஒரு புளிக்க வைக்கிற தொட்டிதான். வெறும் புல்லைத் தின்னாலும் உள்ள போய்ப் புளிச்சுத்தான் பாலாகுது” என்று சிரித்தார்.

அவர் சொன்னதைச் செயலாளரிடம் போய்ச் சொன்னேன். குற்றாலம் போகிற ரோட்டில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். ஆலையில் நடப்பதை முதலில் இருந்து கடைசி வரை அவருக்கு விளக்கினேன். மால்ட் டப்பாவையும் ஞாபகப்படுத்தினேன். முழுதும் கேட்டார். கிளாஸைக் கீழே வைத்தார்.

“அப்பம் போதை பிறக்கதுக்கு முன்னயே சக்கை வெளிய வந்துருதா?”

“ஆமா.”

“எனக்கு அது தெரியாது பாத்துக்கிடும். சரிவே, விடும். நாளையில இருந்து மதினியை ஊத்தச் சொல்லும். நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்.”

“வரிசையில வச்சு சாராயப் பால்னு சொன்னீரே, அதுக்கு?”

“அதை இனி போய்ச் சொல்லி என்னத்துக்கு? ஆளுக மறந்துருவாக. செயலாளரே தப்பாச் சொல்லிட்டான்னு ஆனா நாளைக்கு எவன் என்னைய மதிப்பான்?” என்று என் தோளில் தட்டினார். டீக்குக் காசும் அவரே கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே பேசினாள்.

“ஒங்ககிட்ட டீக்கடையில சொன்னாராக்கும். என்னையச் சொன்னது அத்தன பேருக்கு முன்னால. அங்கன வந்து சொல்லட்டும், நான் கேனத் தூக்குதேன்.”

“ஏட்டி, பால் வீணாப் போகுதே.”

“போகட்டும்.”

இப்போது நான் பாலைத் தயிராக்கி, மோர் கடைந்து ஆலங்குளத்தில் இருக்கிற ஒரு ஓட்டலுக்கு அனுப்புகிறேன். அங்கே யாரும் என் மாடு என்ன தின்றது என்று கேட்பதில்லை. பாலுக்கு வழி பிறந்துவிட்டது. அவளுக்குப் பிறக்கவில்லை. ஆலையில் பதினெட்டு வருஷம் அயோடின் சொட்டு விட்ட எனக்கு ஒன்று தெரியும். நிறம் மாறியதா இல்லையா என்று பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும். தப்பாகச் சொல்லிவிட்டால் அடுத்த ஷிஃப்டுக்காரன் முன்னால் பதிவுப் புத்தகத்தில் அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போட வேண்டும். ஆலையில் யாருக்கும் அதனால் மரியாதை குறைந்ததில்லை.

செயலாளர் அவர்களே, உங்களுக்கு இதைப் படித்துக் காட்ட நிறையப் பேர் இருப்பார்கள். இந்த மாதக் கடைசியில் சங்கத்துப் பேரவைக் கூட்டம். உறுப்பினர்கள் எல்லாரும் வருவார்கள். என் மனைவி வரமாட்டாள், நான் வருவேன். டாக்டரம்மாவையும் கூப்பிட்டிருக்கிறேன். உங்கள் மூக்கு சொன்னதை விட்டுவிடுங்கள். என் வீட்டுப் பாலில் சாராயம் இருந்ததா, இல்லையா? டீக்கடையில் என் காதில் சொன்னதை அந்த மேடையில் ஏறி, மைக்கைப் பிடித்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லுங்கள்.