கண்ணூறு பட்ட லைலாக்

ஜெர்மனியில், எசன் நகரில் நாங்கள் வாங்கிய வீட்டின் பின்வளவில் முதலில் நட்டது ஒரு லைலாக் கன்று. குளிருக்குப் பயந்து கறிவேப்பிலையை வீட்டுக்குள் வைத்துத் தாலாட்டிக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். உறைபனியில் வெறுங்கொப்போடு நின்றுவிட்டு மே மாதம் ஊதாப் பூவாகச் சொரிந்த அந்த மரத்தைக் கண்டதும் பெருமை தாங்கவில்லை. பக்கத்து வீட்டு ஜெர்மன் அம்மா சமையலை விட்டுவிட்டுக் குசினி யன்னலைத் திறந்து, "எவ்வளவு பூ! எவ்வளவு அழகு!" என்று கைதட்டினார். அந்தத் தெருவில் என்னோடு வேலியில் சாய்ந்து கோப்பி குடித்துக் கதைக்கிற ஒரே ஆள் அவர்தான்.

அடுத்த மே மாதம் மருந்துக்கும் ஒரு பூ இல்லை.

"நான் அப்பவே நினைச்சனான், அவ வாய் வச்சிட்டா எண்டு," என்றார் என் கணவர். "கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது."

எனக்கு அவர்மேல்தான் சந்தேகம். பிள்ளையை அடித்து வளர், முருங்கையை ஒடித்து வளர் என்பார்கள். பிள்ளைகளை ஒரு நாளும் தொடாத மனுசன், மரம் பூத்த அந்த வருசம் இலையுதிர்காலம் வந்ததும் கத்தரியோடு இறங்கி லைலாக்கை முருங்கையாக நினைத்து மொட்டையடித்திருந்தார். வெட்டிப் போட்ட கொப்புகளின் நுனியில் கொழுத்த மொட்டுகள் இருந்ததை, குப்பை அள்ளும்போது நான் பார்த்தேன். சொன்னதற்கு, "உமக்கென்ன தெரியும்?" என்றார்.

அவர் ஒரு மண் பூச்சாடியைக் கவிழ்த்து, வெள்ளை மையால் கண்ணும் பல்லும் வரைந்து, மரத்தில் கட்டித் தொங்கவிட்டார். அது நேரே அந்தக் குசினி யன்னலைப் பார்த்து இளித்தது.

"யாரைப் பார்த்துச் சிரிக்கிறது இது?" என்று அந்த அம்மா கேட்டார். குருவி கலைக்க என்று மழுப்பினேன். அவர் நம்பவில்லை. மறுநாள் வாசலில் என் கணவரைப் பிடித்துக் கேட்டார். பொய் சொல்லத் தெரியாத அவர், கூடாத கண் படாமலிருக்க என்று தொழிற்சாலையில் பழகிய ஜெர்மனில் விளக்கி, விரலால் யன்னலையும் காட்டிவிட்டு வந்தார்.

அன்றிலிருந்து அந்த யன்னலின் மறைப்பு பகலிலும் இறங்கியே கிடந்தது. வேலிப்பக்கம் அவர் வரவில்லை. கடையில் கண்டால் வணக்கம் சொல்லிவிட்டு நிலத்தைப் பார்த்தார். கோபமா, பயமா, நாங்கள் ஏதோ சூனியம் செய்கிறோம் என்ற எண்ணமா? கோப்பியோடு வேலியடியில் தனியே நின்றபோது எனக்கு அழுகை வந்தது.

அந்த இலையுதிர்காலம் கத்தரியை எடுத்து அரிசி வாளிக்குள் புதைத்தேன். அவர் வீடெல்லாம் தேடிவிட்டு, "இதையும் ஆரோ எடுத்திட்டினம்," என்று வேலிக்கு அப்பால் பார்த்தார்.

மே வந்தது. கொப்புத் தெரியாமல் பூத்தது மரம்.

"பாத்தீரோ? அவ பாக்கேல்லை, பூத்திட்டுது. என்ரை சட்டி வேலை செய்யுது!"

"ஓம், சட்டிதான்," என்று சொல்லிக்கொண்டே அரிசிக்குள்ளிருந்து கத்தரியை உருவினேன். ஒரு கை நிறையப் பூ வெட்டிக்கொண்டு பக்கத்து வீட்டு மணியை அடித்தேன்.

கதவு திறந்தது. பூவைக் கண்டதும் அந்த அம்மா சட்டென்று கண்ணை மூடிக்கொண்டார். கைகளை மட்டும் நீட்டி வாங்கினார். மூடிய கண்ணோடேயே மெல்லக் கேட்டார்.

"இனி நான் பார்க்கலாமா?"