குளியல் தொட்டியின் தக்கை

“யப்பானை நீ படத்திலயெண்டாலும் வடிவாப் பாத்திருக்கிறியோ?”

டுசல்டோர்பில், ஜேர்மன்காரரை யப்பானுக்கு அனுப்பும் ஒரு பயண முகவர் நிலையத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னபோது, எசனில் இருக்கும் என் அண்ணை கேட்டது இது. இல்லை என்றேன்.

“பிறகு அவையளுக்கு என்னத்தைச் சொல்லப் போறாய்?”

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அண்ணையினுடையது உட்பட எல்லாருடைய அகதி விண்ணப்பங்களையும் நான்தான் நிரப்பினேன். ஜேர்மனியையே அவற்றுக்கு வந்த கடிதங்களின் வழியாகத்தான் அறிந்துகொண்டேன். யப்பானையும் அப்படி அறியலாம் என்று நினைத்தேன்.

1. குறிப்புத்தாள்

எங்கள் நிலையம் பெரிய நகரங்களுக்கு ஆட்களை அனுப்புவதில்லை. மலைக்கிராமங்களில் விவசாயக் குடும்பங்கள் நடத்தும் சிறு விடுதிகளில் தங்கவைப்போம். முதலாளி பிராண்ட் அம்மையார். பணியாளர் நான் ஒருத்தி. முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம். அதற்குள் பிடிக்காவிட்டால் நிறுத்திவிடலாம்.

அப்படி விடுதி நடத்தும் ஒரு வீட்டின் மருமகள் அந்த ஊர்ப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. எங்களுக்கு வரும் கடிதங்களை அவர்தான் எழுதுவார். மாமியார் மூன்று மணிக்கே விறகு மூட்டினால்தான் ஐந்து மணிக்குக் குளிக்க வெந்நீர் தயாராகும் என்று ஒரு கடிதத்தில் இருந்தது. இரண்டு மணி நேரம் விறகு எரிப்பது ஒருவர் குளிப்பதற்காக இருக்காது. முந்தைய கடிதங்களையும் எடுத்துப் படித்தேன். ஊகம் சரிதான். சவர்க்காரம் போட்டுக் கழுவுவதெல்லாம் தொட்டிக்கு வெளியே. பிறகு சுத்தமான உடம்போடு உள்ளே இறங்கி உட்கார்ந்திருப்பார்கள். அதே நீரில் விருந்தினர், வீட்டார் எல்லாரும்.

இதைப் பயணிகளுக்கான குறிப்புத்தாளில் எழுதினேன். தண்ணீர் வெளியேறும் துளையின் தக்கையைப் பிடுங்க வேண்டாம் என்றும் சேர்த்தேன். பிராண்ட் அம்மையார் அந்தப் பந்தியைக் கோடு போட்டு வெட்டினார்.

“எங்கட வாடிக்கையாளர் முந்தியும் குளிச்ச ஆக்கள்தான். வளந்தவைக்குக் குளிக்கச் சொல்லிக் குடுக்கிறதே? நீங்கள் அங்க போயிருக்கிறியளோ?”

“இல்லை.”

“அப்ப விடுங்கோ.”

விட்டேன்.

2. கூரை

வசந்தத்தில் அந்த வீட்டுக்கு எட்டுப் பேர் போனார்கள். அவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற சுகாதாரப் பரிசோதகர். திரும்பி வந்ததும் படங்களோடு அலுவலகத்துக்கு வந்தார்.

“முதல் ஆளாக் குளிச்சன். குளிச்சு முடிஞ்ச கையோட தக்கையைப் பிடுங்கித் தண்ணியைத் திறந்துவிட்டிட்டு, தொட்டியைத் தேய்ச்சுத் துப்புரவாக்கி வைச்சன். அடுத்த ஆளுக்கு அழுக்குத் தண்ணியை விடலாமோ?”

“மற்றவை எப்பிடிக் குளிச்சவை?” என்று கேட்டேன்.

“ஒருத்தரும் குளிக்கேல்லை. ஏனெண்டு எனக்கு விளங்கேல்லை.”

அடுத்த வாரம் மருமகளின் கடிதம் வந்தது. உங்கள் விருந்தினர் எங்கள் குளியல் தொட்டியை மிக நன்றாகச் சுத்தம் செய்தார். இலையுதிர் காலத்தில் கூரை வேய்கிறோம். அதனால் விருந்தினரை ஏற்க முடியாமைக்கு வருந்துகிறோம்.

“கூரையோ? பாவம்” என்றார் பிராண்ட் அம்மையார்.

“கூரை இல்லை, தொட்டி” என்றேன்.

ஒக்ரோபரில் அதே வீட்டுக்குப் பத்துப் பேர் போவதாக இருந்தது. பயணக் கையேட்டில் அட்டைப்படமே அந்த வீடுதான். பிராண்ட் அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார்.

“கடிதத் தொடர்பு உங்கட வேலை. அந்த அறையள் கிடைக்காட்டில் உங்கட தகுதிகாண் காலத்தை இந்த மாதக் கடைசியோட முடிக்க வேண்டிவரும்.”

3. சிவப்பு மை

பிராண்ட் அம்மையார் சொல்லச் சொல்ல ஒரு மன்னிப்புக் கடிதம் தட்டச்சு செய்தேன். அந்த ஐயாவுக்கு வழக்கம் தெரியாது, நோக்கம் நல்லது, நட்டம் இருந்தால் ஈடு செய்கிறோம் என்று ஒரு பக்கம். படித்துப் பார்த்தேன். விருந்தினருக்கு வெந்நீர் இல்லாமல் போய் வெட்கப்பட்டது அவர்கள். நியாயம் பேசுவது நாங்கள். நாசூக்காக ஒரு கூரையைச் சொல்லி ஒதுங்கியவர்களிடம் தொட்டியைப் பற்றிப் பேசினால் அந்தக் கூரை பொய் என்று ஆகிவிடும்.

அதை இழுப்பறையில் வைத்துவிட்டு வேறொன்று எழுதினேன். கூரை வேலை நல்லபடி நடக்கட்டும். இனி வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு குறிப்புத்தாள் செய்திருக்கிறேன். நான் உங்கள் நாட்டைக் கண்டதில்லை, பிழைகளைத் தயவுசெய்து திருத்தித் தாருங்கள். வெட்டிய பந்தியை முதலாவதாக வைத்தேன். தொட்டியைப் படமாக வரைந்து, தக்கையின் மேல் ஒரு பெரிய பெருக்கல் குறியும் போட்டேன்.

பதினெட்டு நாள் பதில் இல்லை. பிராண்ட் அம்மையார் என் இடத்துக்கு ஆள் தேடி ஒரு விளம்பரமும் எழுதி வைத்துவிட்டார். மேசையில்தான் கிடந்தது. நானே எழுத்துப்பிழை பார்த்தேன்.

பத்தொன்பதாம் நாள் தாள் திரும்பி வந்தது. ஆசிரியை சிவப்பு மையில் திருத்தியிருந்தார். விருந்தினர் முதலில், வீட்டார் பிறகு, மாமியார் எப்போதும் கடைசி. சூடு ஆறாமல் தண்ணீரை மூடும் பலகையை நான் வரைய மறந்திருந்தேன், அதை அவர் வரைந்திருந்தார். அடியில் ஒரு வரி: கூரை செப்டெம்பரில் முடிந்துவிடும்.

பிராண்ட் அம்மையார் இரண்டு தரம் படித்தார். “கெதியாத்தான் வேயினம்” என்றார்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: மனம் நொந்த வீட்டுக்கு விளக்கம் அனுப்பாதீர்கள். திருத்துவதற்கு ஏதாவது அனுப்புங்கள்.

ஒக்ரோபர்க் குழுவோடு நிலையத்திலிருந்து ஒருவர் போகவேண்டும். யாரென்று பிராண்ட் அம்மையார் இன்னும் சொல்லவில்லை. வியாழக்கிழமை நான் என் நீல நிற அகதிப் பயணப் பத்திரத்தோடு யப்பானியத் துணைத் தூதரகத்துக்குப் போய் விசா விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டேன். பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் ‘குளியலறையைப் பார்வையிடல்’ என்று எழுதினேன்.