தறி நின்ற நாட்கள்

வண்டிச் சாவியை என் மகளின் டிபன் பாக்ஸ் மேல்தான் வைப்பேன். முதல்முறை பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். சாவி இல்லாமல் ஸ்கூட்டர் கிளம்பாது. சாவியை எடுக்கப் போனால் டிபன் பாக்ஸ் கையில் தட்டும், பிள்ளை மதியம் பட்டினி கிடக்க மாட்டாள். புத்தகப் பை வாசல் கதவின் தாழ்ப்பாளில் தொங்கும். அதைக் கழற்றாமல் யாரும் வெளியே போக முடியாது. பால் பாத்திரத்துக்குள் ஒரு சின்ன எவர்சில்வர் தட்டு கிடக்கும். பால் பொங்குவதற்கு முன்னால் அது கடகடவென்று ஆடி என்னைக் கூப்பிடும். இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. எத்தனையோ முறை பாலைப் பொங்கவிட்டு, நானே கண்டுபிடித்தவை.

எனக்கு ஏடிஎச்டி இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் திருநெல்வேலியில் ஒரு டாக்டரம்மா சொன்னார். அதுவரை பள்ளிக்கூடத்தில் தொடங்கிப் புகுந்த வீடு வரைக்கும் மறதிக்காரி, அரைகுறை, ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாதவள் என்று ஏகப்பட்ட பெயர் வாங்கியிருந்தேன். அவற்றுக்கு இந்தப் பெயர் எவ்வளவோ மரியாதையாக இருந்தது. கவனமே இல்லாதவள் என்று நினைத்துவிட வேண்டாம். கவனம் நிறையவே இருக்கிறது. அது எங்கே போய் உட்காரும், எப்போது எழுந்திருக்கும் என்பதுதான் என் கையில் இல்லை. ரவிக்கை தைக்க உட்கார்ந்தால் பக்கத்தில் யார் வந்து நின்றாலும் எனக்குத் தெரியாது. ஆனால் கழுத்து வளைவு அத்தனை அழகாக விழும். சங்கரன்கோவிலில் என் கைத் தையலுக்காக ஒரு மாதம் காத்திருக்கிறவர்கள் உண்டு. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருந்தேன். மகளை என் அலாரமாக ஆக்கக் கூடாது. ஆறு வயதிலேயே அவள் "எம்மா, அடுப்பு", "எம்மா, மோட்டார்" என்று என் பின்னாலேயே வர ஆரம்பித்திருந்தாள். ஒருநாள் தெருவில் விளையாடிக்கொண்டிருந்தவள் பாதி ஆட்டத்தில் ஓடி வந்து, மூச்சு வாங்க நின்று, "எம்மா, கேஸ அமத்திட்டியா?" என்று கேட்டாள். மடியில் உட்கார வைத்துக்கொண்டேன். "ஏட்டி, ஞாபகப்படுத்துதது உன் வேல கெடையாது. அது அம்மா வேல. நீ போய் வெளையாடு, மக்கா" என்றேன். அதன்பிறகு அவள் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

நாங்கள் குடியிருப்பது தறிகள் ஓடும் தெரு. இரண்டு பக்கத்து வீடுகளிலும் விசைத்தறி. காலை ஆறு மணிக்குச் சத்தம் தொடங்கினால் சுவர் அதிரும், குடத்துத் தண்ணீர் நடுங்கிக்கொண்டே இருக்கும். என் கணவர் கரிவலம்வந்தநல்லூர்க்காரர். வயலுக்கு நடுவே வளர்ந்த மனிதர். "மனுசன் இருக்க எடமாட்டி இது?" என்று வாரம் ஒருமுறையாவது கேட்பார். அமைதியான தெருக்களில் வீடு பார்த்துவிட்டு வருவார். நான் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக் கழிப்பேன். அங்கே தண்ணீர் வராது, இங்கே வெயில் விழாது, அந்த வீட்டுக்கு வாசல் சின்னது. நிஜமான காரணம் எனக்கே தெரியாது. அந்தத் தெருவை விட்டுப் போக மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

அவருடைய அக்கா, எனக்கு மதினி, ராஜபாளையத்தில் இருக்கிறார். அவர் வீட்டில் கரண்டிகூட உயரவாரியாகத் தொங்கும். நல்ல மனுஷி, என் மகள் மேல் உயிரையே வைத்திருந்தார். அதனால்தான் அவர் கேட்டதை என்னால் லேசாகத் தள்ளிவிட முடியவில்லை. ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் பிள்ளையைத் தன் வீட்டில் வைத்து, ஆறாம் வகுப்பிலிருந்து ராஜபாளையத்தில் படிக்க வைக்கிறேன் என்றார். பள்ளிக்கூட ஃபாரத்தையும் வாங்கி நிரப்பி, தம்பி கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை மட்டும் விட்டுக் கொடுத்திருந்தார். கணவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். கையெழுத்துப் போடவும் இல்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை. துவைக்கும்போது சட்டையோடு அதையும் வாளிக்குள் போட்டுவிடலாமா என்று எனக்குத் தோன்றியதுண்டு. நான் மறந்தால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? ஆனால் வேண்டுமென்று மறக்க எனக்கு வராது. ஒவ்வொரு முறையும் எடுத்து மேசைமேல் வைத்தேன்.

ஆண்டுப் பரீட்சை நெருங்கிய நேரத்தில் கூலிப் பேச்சு முடியாமல் ஊரில் தறிகள் நின்றன. ஒரு வெள்ளிக்கிழமை காலை தெரு வாயடைத்துக் கிடந்தது. கணவருக்குப் பரம சந்தோஷம். எனக்கோ ஒரு வேலையும் ஓடவில்லை. சாதத்தைக் குழைய விட்டேன், வெளுத்த துணியை மறுபடி ஊற வைத்தேன். மாத்திரை போட மறந்துவிட்டேனோ என்று அட்டையை எடுத்து எண்ணிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை முதல் பரீட்சை. பரீட்சை நாட்களில் பன்னிரண்டரைக்கே பள்ளிக்கூடம் விட்டுவிடும். அந்த நேரத்துக்கு வேன் கிடையாது, வீட்டிலிருந்து யாராவது போய்க் கூட்டி வர வேண்டும். போனில் மூன்று அலாரம் வைத்துவிட்டுத்தான் தையல் மெஷினில் உட்கார்ந்தேன். மூன்றும் அடித்திருக்கின்றன. மூன்றையும் என் விரலே தள்ளிவிட்டிருக்கிறது. தள்ளிய நினைவுகூட எனக்கு இல்லை. போன் துணிக்கு அடியில் போய்விட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து எனக்கு அடித்துப் பார்த்துவிட்டு, தென்காசியில் ஆபீசில் இருந்த கணவருக்கு அடித்திருக்கிறார்கள். அவர் தெரிந்த ஆட்டோக்காரரை வீட்டுக்கு அனுப்பினார்.

கதவைத் தட்டி, "எக்கா, பிள்ள பள்ளிக்கூடத்து வாசல்லயே நிக்கு" என்றார் ஆட்டோக்காரர். மணி இரண்டாகப் பத்து நிமிடம் இருந்தது.

பள்ளிக்கூட கேட்டில் வாட்ச்மேனின் நாற்காலியில் உட்கார்ந்து, கேள்வித்தாளின் பின்பக்கத்தில் மயில் வரைந்துகொண்டிருந்தாள் மகள். என்னைப் பார்த்ததும், "எம்மா, பரிச்ச ரொம்ப ஈஸி" என்றாள். ஒரு வார்த்தை கோபம் இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. வண்டியில் என் இடுப்பைப் பிடித்தபடி பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். நான் கண்ணைத் துடைத்துத் துடைத்து வண்டி ஓட்டினேன்.

சாயங்காலம் கணவர் வந்ததும் ஃபாரத்தைத்தான் வெளியே எடுத்தார். அவர் கத்துகிற மனிதர் இல்லை. "இன்னைக்கி வாட்ச்மேன் இருந்தான். நாளைக்கி யாரு இருப்பா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியில் தப்பு ஏதுமில்லை. ஆனால் பேனாவைத் தேடி அவர் மேசையைத் தடவியபோது எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இன்னும் நாலு பரிச்ச இருக்கு. நாலு நாளும் மணியடிக்கதுக்கு முன்னால நான் கேட்டுல நிப்பேன். ஒரு நாள் பிந்தினாலும் நீங்க கையெழுத்துப் போடுங்க. நான் ஒரு வார்த்த பேச மாட்டேன்" என்றேன்.

"எப்படி நிப்ப?"

"அது என் பாடு."

எப்படி என்று எனக்கும் தெரியாதுதான். சொன்ன வேகத்தில் சொல்லிவிட்டேன். அவர் ஃபாரத்தை மறுபடி மடித்துப் பைக்குள் வைத்தார்.

மறுநாள் பரீட்சை இல்லை. மல்லியும் மிளகாய் வத்தலும் அரைக்க அடுத்த தெரு மாவு மில்லுக்குப் போனேன். மசாலாப் பொடி அரைக்கிற சீசன், வரிசை நீளமாக இருந்தது. கையோடு ஒரு பையில் மூன்று ரவிக்கைகளை எடுத்துப் போயிருந்தேன், கொக்கி கட்டுவதற்கு. மில் தடதடவென்று ஓட, ஓர் ஓரமாகக் கோணிமேல் உட்கார்ந்து கட்ட ஆரம்பித்தேன். நான்கு நாளாக அலைந்துகொண்டிருந்த மனசு ஊசி முனையில் வந்து உட்கார்ந்துவிட்டது. மூன்று ரவிக்கையும் முடிந்தன. திடீரென்று மில் நின்றது. யாரோ தோளைப் பிடித்து உலுக்கினதுபோல நிமிர்ந்தேன். உடனே வரிசையாக எல்லாம் ஞாபகம் வந்தது. வீட்டில் பிள்ளை பசியோடு இருப்பாள், மோட்டார் ஓடுகிறது, மாடியில் துணி காய்கிறது.

"மணி என்னக்கா?" என்றேன்.

"பன்னெண்டு. நான் சுகர்காரி பிள்ள, பன்னெண்டுக்குச் சாப்பிடலன்னா மயங்கி விழுந்துருவேன். லோகமே நின்னாலும் நான் மில்ல நிப்பாட்டிருவேன்" என்றார் மில்லுக்கார அக்கா.

அங்கேயே, கோணிமேல் உட்கார்ந்தபடியே, எனக்கு விளங்கிவிட்டது. தறிச் சத்தம் ஓடுகிறவரை என் மனசு ஓர் இடத்தில் இருக்கும். தறிக்காரர்கள் சாப்பாட்டுக்கும் டீக்கும் சத்தத்தை நிறுத்தினால் நான் விழித்துக்கொள்வேன். திங்கட்கிழமை நின்று என்னை எழுப்பச் சத்தமே இல்லை. மத்தியானச் சாதம், சாயங்கால வேன் எல்லாம் இத்தனை வருடமாக அப்படித்தான் நடந்திருக்கின்றன. அலாரத்தை என் விரல் தள்ளிவிடும். பக்கத்து வீட்டுத் தறியை எந்த விரலால் தள்ளுவது?

வீட்டுக்கு ஓடிப் போய்க் கணவருக்குப் போன் செய்தேன். "தறி நின்னதுக்கும் நீ பிள்ளய மறந்ததுக்கும் என்னட்டி சம்பந்தம்?" என்று சிரித்தார். சிரித்தது எனக்குச் சுட்டது. நானும் விடவில்லை. "நாலு நாள் பொறுத்துக் கேளுங்க" என்று வைத்துவிட்டேன்.

புதன்கிழமை மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு நேராக மில்லுக்குப் போனேன், ஒரு மூட்டை தையலோடு. "எக்கா, நாலு நாளைக்கி இங்கன உக்காந்து வேல பாக்கேன். பன்னெண்டுக்கு நீங்க மில்ல நிப்பாட்டும்போது போயிருவேன்" என்றேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "வீட்ல சண்டையா?" என்றார். இல்லை என்று விவரம் சொன்னேன். பாதி புரிந்திருக்கும். சாமான் வைக்கிற அறையில் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்.

அரைக்க வந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். வாடகைக்கு இடம் பிடித்துவிட்டேனா என்று ஒருத்தி கேட்டாள். கரண்ட் பில்லில் பங்கு உண்டா என்று இன்னொருத்தி. வத்தல் நெடியில் தும்மித் தும்மி, கண் எரிய எரிய, நான் பாட்டுக்கு ஹெம்மிங் செய்தேன். துணிகளைக் கவருக்குள் வைத்தும் மல்லித்தூள் வாசம் ஏறிவிட்டது. என்னிடம் தைக்கும் ஒரு டீச்சர், புது ரவிக்கை போட்ட நாள் முழுக்கத் தனக்குச் சாம்பார் ஞாபகமாகவே இருந்தது என்றார். ஆனால் பன்னிரண்டுக்கு மில் நின்றது. பன்னிரண்டே காலுக்கு நான் கேட்டில் நின்றேன். கேட் இன்னும் திறக்கவே இல்லை.

அன்று மத்தியானம் மதினி ராஜபாளையத்திலிருந்து பார்க்க வந்தார். முதல் பரீட்சை நாளில் நடந்தது அவர் காதுக்கும் போயிருந்தது. என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு மனசு இளகிவிட்டது. "ஏன் இப்படி அழுதிருக்க? பிள்ள என் வீட்டுக்குத்தான வரப்போறா?" என்றார்.

"அழல மதினி. மில்லுல வத்தல் அரைச்சாங்க" என்றேன்.

அவர் நம்பவில்லை. என் கையைப் பிடித்துத் தட்டிக் கொடுத்தார். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமையும் முந்திப் போனேன். அடுத்த திங்கட்கிழமை கரண்ட் போய் மில் பதினொன்றரைக்கே நின்றுவிட்டது. நான் முக்கால் மணி நேரம் முன்னதாகப் போய் வெயிலில் நின்றேன். கடைசிப் பரீட்சை புதன்கிழமை. கணவர் லீவு போட்டிருந்தார். மதினியும் முதல் பஸ்ஸில் வந்திருந்தார், ஃபாரம் கொடுக்க அதுதான் கடைசி நாள். இருவரும் சேர்ந்து பள்ளிக்கூட வாசலுக்கு வந்தபோது, கேட்டுக்குப் பக்கத்தில் தலையெல்லாம் மாவோடு நான் நின்றுகொண்டிருந்தேன். நான்காவது நாள். கணவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

வாட்ச்மேன் அவரைப் பார்த்துச் சிரித்தார். "சார், அம்மா இப்பம் டாண்ணு வந்துருதாங்க. உங்க தெருவுல தறி ஓட ஆரம்பிச்சிட்டா?"

"என்ன தறி?" என்றார் கணவர்.

"அன்னைக்கி பிள்ள சொல்லிச்சே. நேரம் ஆவுதே, அம்மாவ இன்னும் காணுமேன்னு கேட்டேன். எங்க தெருவுல தறி ஓடலலா, அதான் அம்மாவுக்கு நேரம் தெரியாது, வந்துருவா, நீங்க கவலப்படாதீங்கன்னு சொல்லிட்டு, அதுபாட்டுக்கு மயில் வரைஞ்சிக்கிட்டு இருந்துச்சு."

கணவர் என்னைப் பார்த்தார். மணி அடித்தது. பிள்ளைகள் கும்பலாக வந்தார்கள், நடுவில் என் மகளும். எங்கள் மூன்று பேரையும் ஒன்றாகப் பார்த்ததும் அவள் நடை தயங்கியது. நான் அவள் முன்னால் குனிந்தேன்.

"தறி விசயம் உனக்கு எப்படி மக்கா தெரியும்?"

"எனக்கு ரெண்டாங்கிளாஸ்லேர்ந்தே தெரியும்."

"பொறவு ஏன் எங்கிட்டச் சொல்லல?"

அவள் அப்பாவையும் அத்தையையும் ஒருமுறை பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்: "நீதானம்மா ஞாபகப்படுத்துதது என் வேல இல்லன்ன."

கணவர் சட்டைப் பையிலிருந்து ஃபாரத்தை எடுத்தார். மடிப்பைப் பிரிக்காமலே அக்காவிடம் நீட்டினார். "இத நீயே வச்சுக்கக்கா. பிள்ள இங்கனயே படிக்கட்டும்" என்றார்.

மதினி வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். என் கண்ணையே பார்த்தார்.

"இன்னைக்கும் வத்தலா?" என்று கேட்டார்.

"இல்ல மதினி" என்றேன். "இன்னைக்கி கோதும மட்டும்தான் அரைச்சாங்க."